டிஸ்லெக்சியா உள்ள மாணவருக்குக் கற்பிக்க ஆசிரியருக்கு என்ன பயிற்சி தேவை?

பி.எட். முடித்து ஆறாம் வகுப்புக்குத் தமிழ் கற்பிக்கும் தாங்கள், டிஸ்லெக்சியா (படிப்பதையும் எழுதுவதையும் கடினமாக்கும் கற்றல் குறைபாடு) உள்ள மாணவருக்கு உதவத் தனிப் பயிற்சி வேண்டுமா என்று கேட்டுள்ளீர்கள். வேண்டும், ஆனால் அது பட்டப்படிப்பாகவே இருக்க வேண்டியதில்லை.

சிறப்பாசிரியராகப் பணியாற்ற விரும்புவோருக்கு, இந்திய மறுவாழ்வு மன்றம் ஏற்பளித்த சிறப்புக் கல்வி பி.எட். படிப்பில் கற்றல் குறைபாட்டுப் பிரிவு உள்ளது. வகுப்பாசிரியருக்கோ, சென்னையில் இயங்கும் மெட்ராஸ் டிஸ்லெக்சியா அசோசியேஷன் போன்ற அமைப்புகள் நடத்தும் பயிற்சிகளே நல்ல தொடக்கமாக அமையும்.

எப்பயிற்சியிலும் முதலில் பார்க்க வேண்டியது, எழுத்தையும் ஒலியையும் இணைக்கக் கற்பிக்கும் முறை அதில் உள்ளதா என்பதே. 1930களில் அமெரிக்காவில் உருவான ஆர்ட்டன்-கில்லிங்காம் அணுகுமுறை, கண்ணால் பார்த்து, வாயால் ஒலித்து, விரலால் வரைந்து ஒரே எழுத்தைப் பல புலன்கள் வழியே பதியவைக்கிறது. ஆயினும் ஆங்கிலத்துக்கென எழுந்த அதை அப்படியே தமிழ் வகுப்பில் பயன்படுத்த இயலாது. 'கெ' என்னும் எழுத்தில் கொம்பு முன்னே நின்றாலும் அதன் ஒலி பின்னரே வருகிறது. 'கொ'விலோ ஓர் உயிரொலியின் குறி மெய்க்கு இருபுறமும் பிரிந்து நிற்கிறது. 'க' என்ற ஒரே எழுத்து 'கல்', 'தங்கம்' ஆகிய சொற்களில் வெவ்வேறாக ஒலிக்கிறது. இவ்விடங்களில் மாணவர் தடுமாறுவதைக் கவனக்குறைவு என்று கருதிப் பத்து முறை எழுதச் சொல்வது (நம் வகுப்பறைகளின் பழைய மருந்து) பயனளிப்பதில்லை.

டிஸ்லெக்சியா இருக்கிறதா என்று உறுதிசெய்வது தகுதிபெற்ற உளவியலாளரின் பணி. அறிகுறிகளைக் குறித்துவைத்துப் பெற்றோரிடம் பதற்றமின்றி எடுத்துரைப்பதே ஆசிரியரின் பங்கு. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் கற்றல் குறைபாட்டையும் உள்ளடக்கியிருப்பதால், தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர் முதலிய சலுகைகளுக்கு விண்ணப்பிக்கும் நடைமுறையையும் பயிற்சியிலேயே கேட்டறிந்துகொள்ளுங்கள்.