பாரில் முதல் நிகழ்ச்சி: பாடுகிறவர் குரல் ஏன் அமுங்கிப் போகிறது?

கேட்டிருப்பது இது: பெங்களூரு கோரமங்கலாவில் 80 பேர் உட்காரும் ஒரு பாரில் நான்கு பேர் கொண்ட ராக் பேண்ட் முதன்முறை வாசிக்கப் போகிறது. பாட்டு கேட்காது என்று எல்லோரும் பயமுறுத்துகிறார்கள். எவ்வளவு பெரிய ஸ்பீக்கர் வாடகைக்கு எடுக்கலாம்?

ஸ்பீக்கரை விடுங்கள். உங்கள் கிடாரிஸ்ட்டின் ஆம்ப் (கிடார் சத்தத்தைப் பெருக்கும் பெட்டி) எத்தனை வாட்? 50, 100 என்று பதில் வந்தால் கோளாறு அங்கேதான் இருக்கிறது.

சின்ன அறையில் சத்த அளவைத் தீர்மானிப்பது டிரம்ஸ். மைக் எதுவும் வைக்காமலே 100 டெசிபலைத் தாண்டிவிடும். அது காதில் விழுவதால் கிடாரிஸ்ட் ஆம்பைக் கூட்டுவார், அதைக் கேட்டு பாஸ்காரர் கூட்டுவார். கடைசியில் பாடுகிறவர் 'எனக்குக் குரலே கேட்கலை' என்பார். அவர் மைக்கைக் கூட்டினால் 'கூ' என்று ஊளையிடும். எத்தனை பெரிய ஸ்பீக்கர் வைத்தாலும் இதே கதைதான், ஏனென்றால் ஊளை வருவது ஸ்பீக்கர் சத்தம் மைக்குக்குள் திரும்பப் போவதால்.

அதனால் சவுண்ட் செக்கை, அதாவது நிகழ்ச்சிக்கு முன் சத்தத்தைச் சரிபார்ப்பதை, தலைகீழாகச் செய்யுங்கள். பெரிய மேடைகளில் காலால் அடிக்கும் கிக் டிரம்மில் ஆரம்பித்துக் குரலில் முடிப்பார்கள். பாரில் குரல்தான் முதலில். மற்ற எல்லாவற்றையும் மியூட் செய்துவிட்டு, பாடுகிறவர் மைக்கில் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழான அடிச்சத்தத்தை வெட்டுங்கள். பிறகு மிக்சரில் அந்த மைக்கின் சத்தத்தைக் கூட்டும் ஃபேடரை மெதுவாக ஏற்றுங்கள். எந்த இடத்தில் மணி அடிப்பது போல் இழுக்கிறதோ அந்த அலைவரிசையை 31 பேண்ட் ஈக்வலைசரில் (ஒலியை 31 அலைவரிசைத் துண்டுகளாகப் பிரித்துக் கூட்டிக் குறைக்கும் கருவி) 3 முதல் 6 டெசிபல் குறையுங்கள். மூன்று நான்கு இடங்களோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அதற்கு மேல் வெட்டினால் குரல் தகர டப்பாவுக்குள்ளிருந்து வரும். ஊளை வரும் எல்லை தெரிந்ததும் அங்கிருந்து 6 டெசிபல் இறக்குங்கள். அன்று இரவு உங்கள் குரலின் உச்சம் அதுதான். மற்ற எல்லோரும் அதற்குக் கீழே அடங்கியே ஆக வேண்டும். இதைப் படிக்கும் சவுண்ட் இன்ஜினியர்கள் சண்டைக்கு வரலாம். அரங்கத்துக்கு நீங்கள் சொல்வதே சரி. நான் பேசுவது பிளாட்பாரம் அளவு மேடையைப் பற்றி.

பாடுகிறவர் தன் குரலைக் கேட்க மேடையில் வைக்கும் ஸ்பீக்கரான மானிட்டரின் இடமும் முக்கியம். எஸ்எம்58 போன்ற, முன்பக்கச் சத்தத்தையே அதிகம் எடுக்கும் கார்டியாய்டு மைக் தனக்கு நேர் பின்னால் இருந்து வருவதைத்தான் குறைவாக எடுக்கும். எனவே மானிட்டர் மைக்கின் வாலுக்கு நேர் எதிரே இருக்கட்டும். பீட்டா 58 மைக் சூப்பர்கார்டியாய்டு, அது நேர் பின்னாலிருந்தும் கொஞ்சம் எடுக்கும். அதற்கு மானிட்டரைச் சற்றுப் பக்கவாட்டில் தள்ளுங்கள். பாடுகிறவர் ஸ்டைலுக்காக மைக்கின் வலைப்பந்தைக் கையால் பொத்தினால் எல்லாத் திசையிலிருந்தும் சத்தம் உள்ளே போகும். அடுத்த நொடி ஊளை.

கிடாருக்கு 15 வாட் ட்யூப் ஆம்ப் தாராளம். வாட் இரட்டிப்பானால் 3 டெசிபல்தான் கூடும். 15க்கும் 100க்கும் வித்தியாசம் சுமார் 8 டெசிபல். தரையில் வைத்த ஆம்ப் கிடாரிஸ்ட்டின் முழங்காலுக்கு வாசித்துக்கொண்டிருக்கும், முதல் மேசைக்காரர் காது கிழியும். காலி பீர் கிரேட் ஒன்றைக் கேட்டு வாங்கி அதன் மேல் ஏற்றி, சற்றுச் சாய்த்துக் கிடாரிஸ்ட்டின் காதுக்குத் திருப்புங்கள். தானாகவே வால்யூமைக் குறைப்பார். வீட்டில் தனியாக வாசிக்கும்போது மிட்ஸைக் (நடு ஸ்தாயி) குறைத்து பாஸையும் (கீழ் ஸ்தாயி) ட்ரெபிளையும் (உச்ச ஸ்தாயி) ஏற்றிய டோன் அமர்க்களமாக இருக்கும். பேண்டோடு சேர்ந்தால் காணாமல் போகும். மிட்ஸை ஏற்றுங்கள், பாஸை இறக்குங்கள். பாஸ் கிடார், ஆம்ப் இல்லாமலே மிக்சரில் இணைக்க உதவும் டிஐ பாக்ஸ் வழியாக நேரே மிக்சருக்குப் போகட்டும். டிரம்ஸில் கிக்குக்கு ஒரு மைக் போதும். டிரம்மரிடம் தடித்த 5பி குச்சிக்குப் பதில் மெல்லிய 7ஏ, இல்லையென்றால் ராட்ஸ் (மெல்லிய குச்சிகளைக் கட்டாகச் சேர்த்தது) இருக்கட்டும். கீழே ஆறடி கார்பெட் விரியுங்கள். விரிக்காவிட்டால் மூன்றாவது பாட்டில் கிக் டிரம் பாடகர் காலுக்கு வந்துவிடும்.

காலி அறையில் சிம்பல் கணகணவென்று கேட்கும். கூட்டம் வந்ததும் உடம்பும் துணியும் உச்ச ஸ்தாயியை உறிஞ்சிக்கொள்ளும், பேச்சுச் சத்தமும் ஏறும். முதல் செட்டின் இரண்டாம் பாட்டில் ஒருவர் பின் மேசைக்குப் போய் நின்று கேட்டுவிட்டு வரட்டும்.

நீங்கள் கேட்காத ஒன்று: எர்த். இதைச் சொன்னாலே 'லைட் எரியுதுல்ல சார், அப்புறம் என்ன' என்று சிரிக்கிற எலக்ட்ரீஷியன்கள் இந்த நாட்டில் ஏராளம். மூன்று முள் ப்ளக்கை இரண்டு முள்ளாக்கும் கன்வர்ட்டரைக் கடையில் மிட்டாய் மாதிரி தொங்கவிட்டு விற்கிறார்கள். கிடாரின் கம்பி ஆம்பின் உலோக உடலோடு இணைந்தது, மைக்கின் வலை மிக்சரோடு. ஒன்றுக்கு எர்த் இருந்து மற்றதற்கு இல்லையென்றால், கம்பியைப் பிடித்தபடி உதடு மைக்கில் படும்போது ஷாக். மல்டிமீட்டர் கொண்டு போங்கள். பேஸ் (கரண்ட் வரும் முனை), நியூட்ரல் (கரண்ட் திரும்பும் முனை) இரண்டுக்கும் இடையே 230 வோல்ட் அளவில் காட்டும். பேஸ்-எர்த்தும் கிட்டத்தட்ட அதே காட்ட வேண்டும். நியூட்ரல்-எர்த் 5 வோல்ட்டைத் தாண்டினால் அந்த பாயின்ட்டைத் தொடாதீர்கள். சரியான ஒரு 16 ஆம்பியர் பாயின்ட் சுமார் 3,600 வாட் தாங்கும். நான்கு பேர் பேண்டின் ஆம்பும் ஸ்பீக்கரும் மிக்சரும் அதிலேயே அடங்கும். எல்லாவற்றையும் அந்த ஒன்றிலிருந்தே எடுங்கள், பாரின் ஃப்ரீசர் ஓடும் லைனில் வேண்டாம். 'ம்ம்ம்' என்று ஹம் வந்தால் டிஐ பாக்ஸின் கிரவுண்ட் லிஃப்ட் பட்டனைத் தட்டுங்கள். அது ஆடியோ கேபிளின் இணைப்பை மட்டும் துண்டிக்கும். ப்ளக்கின் எர்த் முள்ளைப் பிடுங்குகிறவரை மேடையிலிருந்து இறக்கிவிடுங்கள்.

மற்றவை சுருக்கமாக. பெங்களூரில் பாரில் நேரடி இசைக்குப் போலீஸ் கமிஷனரின் உரிமம் வேண்டும். இதைக் கட்டாயமாக்கிய 2005 உத்தரவை உச்ச நீதிமன்றம் 2018 ஜனவரியில் உறுதி செய்துவிட்டது. உரிமம் எடுப்பது பார் முதலாளி வேலை, இருக்கிறதா என்று கேட்பது உங்கள் வேலை. மொட்டை மாடி பார் என்றால் 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணிக்கு ஒலிபெருக்கியை நிறுத்த வேண்டும். அதைக் கணக்கிட்டு 7:30க்கே ஆரம்பியுங்கள். தலா 40 நிமிடத்தில் மூன்று செட், செட்டுக்கு ஒன்பது பத்துப் பாட்டு. டிராப் டி ட்யூனிங் (கிடாரின் தடித்த கம்பியை ஒரு படி இறக்கி வாசிப்பது) பாட்டுகளை ஒரே செட்டில் சேர்த்து வையுங்கள். நடுநடுவே முறுக்காணியைத் திருகிக்கொண்டு நின்றால் கூட்டம் மேலே ஓடும் கிரிக்கெட் டிவிக்குத் திரும்பிவிடும். சம்பளத்தைப் பணமாகப் பேசுங்கள், பீராக அல்ல.

புறப்படும் முன் கேபிள்களை எண்ணிக்கொள்ளுங்கள். 12 கொண்டு போனால் 11தான் கையில் இருக்கும். இன்னொன்று கார்பெட்டுக்கு அடியில்.