தேயிலை ஆலைக்கும் கிடங்குக்கும் வரி: வாசகர் கேள்விகள்

கேள்வி: எங்கள் தேயிலை ஆலையில் புதிய சிடிசி இயந்திரமும் (இலையை நசுக்கிக் கிழித்துச் சுருட்டுவது) உலர்த்தியும் பொருத்தினோம். இதற்காகச் சொத்து வரி உயருமா? – குன்னூர் வாசகர்

பதில்: இயந்திரத்துக்காக உயரக் கூடாது. 1920ஆம் ஆண்டு மாவட்ட நகராட்சிகள் சட்டமே இயந்திரங்களை மதிப்பீட்டிலிருந்து விலக்கியிருந்தது. வழக்கமாக வாடகைக்கு விடப்படாத கட்டடத்துக்கு வாடகையைக் கணிக்க முடியாதபோது, நில மதிப்போடு தேய்மானம் கழித்த கட்டுமானச் செலவைக் கூட்டி, அதில் 6 சதவீதத்தை, வரிக்கு அடிப்படையான ஆண்டு மதிப்பாகக் கொண்டார்கள். அதற்குப் பதிலாக 1998ஆம் ஆண்டு தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சிச் சட்டம் 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்துவிட்டது. இப்போது இடம், பரப்பளவு, கட்டட வகை, பயன்பாடு ஆகியவற்றைத்தான் பார்க்கிறார்கள்.

ஆகவே பரப்பளவில் கண்ணாக இருங்கள். இலை வாட்டும் மாடிகள் கொண்ட பழைய ஆலைகளில் தவறான ஓர் அளவு ஒவ்வொரு அரையாண்டும் பணத்தைத் தின்னும். அளக்க வருபவருடன் நீங்களும் நடந்து, இடித்துவிட்ட பகுதி பழைய பதிவேட்டில் நீடிக்கிறதா என்று பாருங்கள். புதிய இயந்திரத்துக்காகக் கொட்டகையை நீட்டியிருந்தால் அந்தச் சதுர அடிக்கு வரி உண்டு, மறைக்காதீர்கள்.

கேள்வி: ஆலையை ஒட்டிய கிடங்கை ‘வணிகம்’ என்று பதிந்துவிட்டார்கள். விட்டுவிடலாமா? – கோத்தகிரி வாசகர்

பதில்: விடவே கூடாது. 2022 சொத்து வரிப் பொதுச் சீராய்வில், சென்னைக்கு வெளியே உள்ள நகர்ப்புற உள்ளாட்சிகளில் வணிகக் கட்டடங்களுக்கு 100 சதவீதமும் தொழிற்சாலைகளுக்கு 75 சதவீதமும் வரி உயர்ந்தது. உங்கள் தூள் மூட்டைகள் மட்டுமே அங்கே இருந்தால், ஆலையின் பகுதியாகப் பதியுமாறு வரைபடத்துடன் மனுக் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். வெளியாருக்கு வாடகைக்கு விட்டிருந்தால் இந்த வாதம் நிற்காது.

கேள்வி: கட்டணம் வாங்கிக் கேரட் மூட்டைகளை வைத்துக்கொள்கிறேன். தேயிலைத் தூளும் வைக்கக் கேட்கிறார்கள். ஜிஎஸ்டி உண்டா? – கேத்தி வாசகர்

பதில்: கேரட் வேளாண் விளைபொருள், அதைச் சேமிக்கும் கட்டணத்துக்கு விலக்கு உண்டு. தேயிலைத் தூள் பதப்படுத்திய பொருள் என்பதால் விலக்கு இல்லை என்று மத்திய அரசின் 2017 நவம்பர் ஜிஎஸ்டி சுற்றறிக்கை தெளிவாக்கிவிட்டது. தூளை ஏற்றுக்கொண்டபின் ஆண்டு மொத்த வரவு 20 லட்சம் ரூபாயைத் தாண்டினால் பதிவு செய்ய வேண்டும். அந்த மொத்தத்தில் கேரட் வரவும் சேரும். பலர் சறுக்குவது இங்கேதான். இரண்டுக்கும் தனித்தனி ரசீது போடுங்கள்.

கேள்வி: சொத்து வரியை முன்கூட்டியே கட்டினால் சலுகை உண்டா? – கூடலூர் வாசகர்

பதில்: உண்டு. ஏப்ரல் 30, அக்டோபர் 31 தேதிகளுக்குள் அந்தந்த அரையாண்டு வரியைக் கட்டினால் 5 சதவீதம், அதிகபட்சம் 5,000 ரூபாய்.