கொர்ர், உஸ், கீச்: கிட்டார்காரர்களின் கடிதங்கள்

இந்த முறை எலெக்ட்ரிக் கிட்டார், அதன் ஒலியை மாற்றக் காலால் அழுத்தும் பெடல் பற்றி வந்த கடிதங்கள் மட்டும். வழக்கம்போல் சுருக்கியிருக்கிறேன்.

கேள்வி: 9,000 ரூபாய் கொடுத்து நாய்ஸ் கேட் பெடல் வாங்கினேன். சும்மா இருக்கும்போது அமைதி. கம்பியை மீட்டியதும் பின்னால் 'உஸ்' என்ற இரைச்சல் திரும்ப வந்துவிடுகிறது. கடைக்காரர் மாற்றித் தர மறுக்கிறார்.
மதுரை வாசகர்

பதில்: மறுக்கத்தான் செய்வார், பெடலில் பழுதில்லை. நீங்கள் வாசிக்காதபோது வாயை மூடுவதுதான் நாய்ஸ் கேட்டின் வேலை. வாசிக்கும்போது அது திறந்தாக வேண்டும், இரைச்சலும் கூடவே வரும். இன்னும் இறுக்கி வைத்தால் நீண்டு ஒலிக்க வேண்டிய சுரம் பாதியில் அறுந்துவிடும். இரைச்சல் எங்கிருந்து வருகிறதென்று பார்க்காமலே பணத்தைப் போட்டிருக்கிறீர்கள். ஒலியைக் கரகரப்பாக்கும் டிஸ்டார்ஷன் பெடலில் கெயினை (ஒலியைப் பெருக்கும் அளவை) குறையுங்கள், மெல்லிய ஒலியையும் தூக்கிக் காட்டும் கம்ப்ரஸர் பெடல் இருந்தால் அணைத்துப் பாருங்கள். இரண்டுக்கும் செலவில்லை.

கேள்வி: ஆன்லைனில் 2,400 ரூபாய்க்கு எட்டு பெடலுக்கான பவர் சப்ளை வாங்கினேன். மேலே 'ஃபுல்லி ஐசொலேட்டட்', அதாவது ஒவ்வொரு அவுட்புட்டும் தனித்தனி, என்று அச்சடித்திருக்கிறது. எதிரொலி தரும் டிலே பெடலையும், ஒலியைப் பெருக்கிக் கரகரப்பாக்கும் ஓவர்டிரைவையும் சேர்த்துப் போட்டால் கொசு மாதிரி 'கீ...' என்று சத்தம். விற்றவர் "உங்க கிட்டார்லதான் கோளாறு" என்கிறார். திருப்பி அனுப்பும் 7 நாள் கெடுவும் முடிந்துவிட்டது.
கோவை வாசகர்

பதில்: உங்களை ஏமாற்றியிருக்கிறார்கள் என்றுதான் தோன்றுகிறது. முதலில் உறுதி செய்துகொள்வோம். ஓவர்டிரைவில் 9 வோல்ட் பேட்டரி போட்டு, டிலேக்கு மட்டும் அந்தப் பெட்டியிலிருந்து மின்சாரம் கொடுங்கள். சத்தம் நின்றுவிட்டால் கிட்டார் நிரபராதி.

இந்த ஐசொலேட்டட் மோசடி பற்றி எழுத ரொம்ப நாளாகக் கை துறுதுறுத்துக்கொண்டிருந்தது. டிலே, ரிவெர்ப் போன்ற டிஜிட்டல் பெடல்களுக்குள் ஒரு குட்டிக் கணினியே ஓடுகிறது. 100 முதல் 300 மில்லிஆம்பியர் வரை மின்சாரத்தை விட்டு விட்டு இழுக்கும். அதே நெகட்டிவ் வயரில் ஓவர்டிரைவும் இருந்தால் அந்தத் துடிப்பு அதற்குள் நுழையும். ஓவர்டிரைவின் தொழிலே எதையும் பெரிதாக்குவதுதானே, இதையும் பெருக்கி ஆம்புக்கு (ஆம்ப்ளிஃபயருக்கு) அனுப்பும். இதைத் தடுக்க ஒவ்வொரு அவுட்புட்டுக்கும் டிரான்ஸ்ஃபார்மரில் தனிச் சுற்றோ, தனி ஐசொலேட்டட் கன்வெர்ட்டரோ இருக்க வேண்டும். அதற்குக் காசு ஆகும். ஆகவே மலிவுப் பெட்டிகள் பலவற்றில் அவுட்புட்டுக்கு ஒரு ஷார்ட் சர்க்யூட் பாதுகாப்பை மட்டும் வைத்துவிட்டு, வெளியே ஐசொலேட்டட் என்று அச்சடித்துவிடுகிறார்கள். நானும் அப்படி ஒன்று வாங்கினேன். திறந்தால் எட்டு நெகட்டிவும் ஒரே செம்புத் தடத்தில். எட்டு துளை போட்ட ஒரே அடாப்டர், அவ்வளவுதான்.

கண்டுபிடிப்பது சுலபம். பெட்டியைச் சுவர் பிளக்கிலிருந்து கழற்றுங்கள், பெடல் எதுவும் இருக்கக் கூடாது. மல்டிமீட்டரை பீப் ஒலிக்கும் நிலையில் வைத்து, இரண்டு அவுட்புட்களின் நெகட்டிவைத் தொடுங்கள். பெரும்பாலான பெடல் பிளக்குகளில் நெகட்டிவ் நடுவில் இருக்கும். பீப் கேட்டால் தனித்தனி இல்லை. அதை வீடியோ எடுத்து, விளம்பரப் பக்கத்தின் ஸ்க்ரீன்ஷாட்டோடு தளத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு அனுப்புங்கள். 2020 மின்வணிக விதிகளின்படி அவர் 48 மணி நேரத்தில் புகார் கிடைத்ததாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும். விளம்பரத்தில் சொன்ன அம்சம் பொருளில் இல்லையென்றால் விற்பவர் திரும்ப வாங்க மறுக்கக் கூடாது என்றும் அதே விதிகளில் இருக்கிறது. 7 நாள் முடிந்துவிட்டது என்று சொன்னால் இதைக் காட்டுங்கள். மசியவில்லையா, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குக் கூப்பிடுங்கள். அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை, இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும்.

கேள்வி: நண்பர் வீட்டில் சுத்தமாக ஒலிக்கிறது. அதே கிட்டார், அதே பெடல், என் அறையில் மட்டும் 'கொர்ர்'. வயரிங்கை மாற்ற எலெக்ட்ரீஷியன் 15,000 கேட்கிறார்.
சேலம் வாசகர்

பதில்: ஃபேனை நிறுத்துங்கள். அப்புறம் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடலாம். சுழற்றும் எலெக்ட்ரானிக் ரெகுலேட்டர்களில் டிரையாக் என்ற பாகம் மின் அலையை நொடிக்கு 100 முறை வெட்டுகிறது. அந்த 'கொர்ர்' அங்கிருந்து வரலாம். கெபாசிட்டர் வகை ஸ்டெப் ரெகுலேட்டரில் இந்தத் தொல்லை மிகக் குறைவு, விலையும் சில நூறு ரூபாய்தான். அதுவும் இல்லையென்றால் எல்.இ.டி. பல்பு, போன் சார்ஜர் ஒவ்வொன்றாக அணைத்துப் பாருங்கள்.

கேள்வி: கம்பியைத் தொட்டால் இரைச்சல் குறைகிறது, கையை எடுத்தால் கூடுகிறது. எர்த் போய்விட்டது, உள் வயரிங் எல்லாம் மாற்ற 3,500 ஆகும் என்கிறார் மெக்கானிக்.
திருச்சி வாசகர்

பதில்: கொடுக்காதீர்கள். தொட்டால் குறைவது கம்பிகளின் எர்த் நன்றாக இருப்பதற்கு அடையாளம். தொட்டால் கூடினால்தான் சந்தேகப்பட வேண்டும்.

கேள்வி: தங்க முலாம் பூசிய 6,000 ரூபாய் கேபிள் ஹம்மை (மின்சார ரீங்காரத்தை) குறைக்குமா?
சென்னை வாசகர்

பதில்: உள்ளே நல்ல உலோக உறையுள்ள சாதாரணக் கேபிளைவிடக் குறைக்காது. என்னிடம் ஒன்று இருக்கிறது, பாதி விலைக்கும் யாரும் கேட்கவில்லை.

கேள்வி: ஸ்ட்ராட் வகை கிட்டாரில் ஹம் அதிகம். ஹம் குறைவான, இரட்டைச் சுருள் ஹம்பக்கர் உள்ள கிட்டார் வாங்கிவிடலாமா? 40,000 பட்ஜெட்.
புதுச்சேரி வாசகர்

பதில்: பிக்கப்பைத் தேர்ந்தெடுக்கும் செலக்டரை 2 அல்லது 4-க்குத் தள்ளுங்கள். பல மாடல்களில் நடு பிக்கப் (கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் சுருள்) எதிர்த்திசையில் சுற்றப்பட்டிருக்கும். பக்கத்துப் பிக்கப்போடு சேரும்போது இரண்டின் ஹம்மும் ஒன்றையொன்று ரத்து செய்துகொள்ளும். ஹம்பக்கரிலும் இதே தத்துவம்தான். அதன்பிறகும் வேண்டுமென்றால் வாங்குங்கள்.

கேள்வி: ஆம்ப் பிளக்கின் எர்த் முனையை வெட்டச் சொன்னார் பேண்ட் நண்பர். வெட்டினேன், ஹம் போய்விட்டது. அப்படியே விடலாமா?
தஞ்சாவூர் வாசகர்

பதில்: கூடாது. இதைப் படித்து முடித்ததும் புதுப் பிளக் போடுங்கள், அதுவரை ஆம்பைத் தொடாதீர்கள். உள்ளே ஒரு வயர் கழன்று உலோகத்தில் பட்டால் மின்சாரம் கம்பி வழியாக உங்கள் கைக்கு வரும், உதடு மைக்கில் இருந்தால் அதன் வழியே இறங்கும். 1972-ல் வேல்ஸின் ஸ்வான்ஸீயில் ஸ்டோன் த க்ரோஸ் குழுவின் கிட்டார் கலைஞர் லெஸ் ஹார்வி, எர்த் சரியில்லாத மைக்கால் மேடையில் ஷாக் அடித்து இறந்தார். ஹம் போக வேண்டுமா, ஆம்பையும் பெடல் சப்ளையையும் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டில் சொருகுங்கள். அந்த நண்பரிடம் இனி பாட்டு மட்டும் கேளுங்கள்.

கேள்வி: முன்பின் தெரியாத ஒருவரிடம் ஆறு பழைய பெடல், கேபிளோடு 18,000-க்கு வாங்கினேன். பில் இல்லை, வாசித்துப் பார்க்கவும் நேரமில்லை. பயங்கர இரைச்சல். நுகர்வோர் நீதிமன்றம் போகலாமா?
நாகர்கோவில் வாசகர்

பதில்: வாசித்துப் பார்க்க நேரமில்லை, வழக்கு நடத்த நேரம் இருக்கிறதா? தன் பழைய பொருளை விற்ற தனிநபர் வியாபாரி ஆகமாட்டார், நுகர்வோர் சட்டம் அவரைத் தொடாது. சரி, இருப்பதைக் காப்பாற்றப் பாருங்கள். கிட்டாரை நேராக ஆம்பில் சொருகுங்கள். பிறகு ஒவ்வொரு பெடலாகச் சேர்த்துக்கொண்டே வாருங்கள், எதைச் சேர்த்ததும் சத்தம் ஏறுகிறதோ அங்கே நில்லுங்கள். பெடலைக் குறை சொல்லும் முன் அந்த இடத்துக் கேபிளை மாற்றுங்கள். ஸ்பீக்கர் வயரில் ஜாக் வைத்து விற்பவர்கள் உண்டு. அதில் உலோக உறை கிடையாது, அறையில் உள்ள ஹம் அத்தனையையும் உள்ளே இழுக்கும்.