படத்தில் அப்பாவைக் காணவில்லை

கேள்வி: மகனுக்கு 9 வயது. எட்டு மாதமாகக் கடும் குழப்படி, இரவில் அழுகை. கிளினிக்கில் குடும்பத்தை வரையச் சொன்னார்கள். கட்டாரில் வேலை செய்யும் அப்பாவை அவன் வரையவேயில்லை. அப்பம்மாதான் பெரிதாக இருக்கிறார். இரண்டு வினாக்கொத்துகளும் தந்தார்கள். கணவருக்கும் சேர்த்து நானே நிரப்பலாமா? எங்கள் வளர்ப்பு பிழை என்று முடிவெடுத்துவிடுவார்களோ?
– ஒரு தாய், உப்புவெளி, திருகோணமலை

பதில்: வளர்ப்புக்கு யாரும் புள்ளி போடுவதில்லை. படம், பேச்சைத் தொடங்க உதவும். அளவுகோலாக அதை நம்ப முடியாது. அப்பா மீது கோபம் இருக்கலாம். இப்போது வீட்டில் இருப்பவர்களை மட்டும் வரைந்திருக்கலாம். தாளில் இடம் முடிந்தும் இருக்கலாம். "அப்பா எங்கே?" என்று விசாரணை வைத்தால், அடுத்த முறை உங்களுக்குப் பிடித்த படம்தான் வரும்.

சிறுவருக்கு இதைவிடப் பொருத்தமானது, பெனே, அந்தோனி என்ற இரு ஆய்வாளர்கள் 1957இல் வெளியிட்ட பெட்டி முறை. தன் குடும்பத்தவர் யார் யார் என்று பிள்ளையே அட்டை உருவங்களைத் தெரிவுசெய்யும். பாசம், கோபம் சொல்லும் சீட்டுகளை, அது யாருக்குப் பொருந்துமோ அவருடைய உருவத்தோடுள்ள பெட்டியில் போடும். 'ஒருவருமில்லை' என்றும் ஓர் உருவம் உண்டு. கோபச் சீட்டெல்லாம் அதற்குள் விழுந்தால் வீட்டில் கோபமே இல்லை என்று மகிழ வேண்டாம். சொல்லப் பயந்தாலும் அப்படித்தான் விழும்.

வினாக்கொத்தில் 25 வசனங்கள் இருந்தால், அது பிள்ளையின் கடந்த 6 மாத நடத்தையைப் பற்றியது. பிறருக்கு உதவும் குணம் பற்றிய ஐந்தைத் தவிர்த்து மற்றவற்றைக் கூட்டுவார்கள், மொத்தம் 0–40. குடும்பத்தை அது அளக்காது. அதற்குரியது 15 வசனப் படிவம். ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை. சில வசனம் நிறையைச் சொல்லும், சில குறையைச் சொல்லும். வாசிக்காமல் ஒரே இலக்கத்தை வரிசையாக வட்டமிட்டால் கணக்கு பிழைத்துவிடும்.

கணவருக்காக நீங்கள் நிரப்பவே கூடாது. "எங்கள் வீட்டில் மனம்விட்டுப் பேசுவோம்" என்பதற்கு நீங்கள் ஒன்றும் அவர் இன்னொன்றும் சொன்னால், அந்த வித்தியாசம்தான் ஆலோசகருக்குத் தேவை. கிளினிக்கில் கேட்டுவிட்டு, படிவத்தை வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். அவர் தனியே குறித்து அனுப்பட்டும். அப்பம்மாவுக்கு வாசிக்கச் சிரமமென்றால் கிளினிக்கில் ஒருவர் வாசிக்கட்டும். மருமகள் வாசித்தால் மாமியார் என்னத்தைச் சொல்வார்! மகன் பதில் சொல்லும்போதும் நீங்கள் வெளியே இருங்கள்.

சில அமர்வுகளின் பின் அதே படிவம் மறுபடி வரும். முதலில் நிரப்பியவரே அப்போதும் நிரப்ப வேண்டும். ஆள் மாறினால் இரண்டையும் ஒப்பிட முடியாது.