மகன் இணைய வானொலி என்கிறான், சோறு போடுமா?

வணக்கம் அம்மா,

இரவு இரண்டு மணிக்குத் தண்ணீர் குடிக்க எழுந்தபோது, மகன் ஹெட்போனை மாட்டிக்கொண்டு லேப்டாப் முன்னால் உட்கார்ந்து தன் இணைய வானொலியை ஓட்டிக்கொண்டிருந்ததாக எழுதியிருக்கிறீர்கள். "பதினோரு பேர் கேக்குறாங்கம்மா" என்று சிரித்திருக்கிறான். மறுநாள் காலையில் அவனுக்குத் தேர்வு. உங்கள் வயிற்றைக் கலக்கியது நியாயம்தான். அந்தச் சிரிப்பைப் பற்றியும் சொல்லியிருக்கிறீர்களே, அதனால்தான் நீளமாகப் பதில் எழுதுகிறேன்.

இது சோறு போடுமா என்ற உங்கள் கேள்விக்கு முதலில் நேரடியான பதில். நேயர்கள் தரும் பணத்தில் மட்டும் ஓடும் இணைய வானொலியில் மாதச் சம்பள வேலை மிகவும் குறைவு, வெளிநாட்டிலும் அப்படித்தான். கல்லூரி முடித்ததும் போய்ச் சேரும் இடமாக இதை நினைக்க வேண்டாம்.

உங்கள் மகன் எடுத்துக்காட்டாகச் சொல்லும் சோமா எஃப்எம் உண்மையிலேயே நல்ல இணைய வானொலி நிலையம். சான்பிரான்சிஸ்கோவில் ரஸ்டி ஹாட்ஜ் 2000-இல் தொடங்கியது. இன்று 30-க்கும் மேற்பட்ட சேனல்கள், விளம்பரமே கிடையாது, நேயர்கள் தரும் பணத்தில்தான் ஓடுகிறது. ஆனால் 2002 ஜூனில் அது ஒலிபரப்பை நிறுத்த வேண்டி வந்ததையும் அவன் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு பாட்டை ஒரு நேயர் கேட்டால் அதன் ஒலிப்பதிவு உரிமையாளருக்கு 0.07 சென்ட் ராயல்டி (உரிமைத் தொகை) என்று அமெரிக்காவில் அப்போது நிர்ணயித்தார்கள். அற்பத் தொகையாகத் தெரியும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 1,000 பேர் மணிக்கு 15 பாட்டு கேட்டால் பத்தரை டாலர், இரவு பகலாக ஓடினால் நாளுக்கு 252 டாலர். அங்கே சாதாரண எஃப்எம் நிலையங்கள் ஒலிப்பதிவு உரிமையாளர்களுக்கு இந்த ராயல்டியைக் கட்டுவதே இல்லை! அந்த வருடக் கடைசியில் சிறு நிலையங்களுக்காகத் தனிச் சட்டம் வந்தது, சோமா எஃப்எம்மும் திரும்பி வந்தது.

இன்னொன்று ரேடியோ பாரடைஸ். அதே 2000-இல் பில் கோல்ட்ஸ்மித் தன் மனைவி ரெபெக்காவோடு கலிபோர்னியாவில் தொடங்கினார். பல வருடம் எஃப்எம்மில் வேலை பார்த்துவிட்டு வந்தவர் அவர். கையில் ஒரு தொழில் இருந்த பிறகுதான் சொந்த நிலையம். தம்பியிடம் நான் வலியுறுத்துவதும் இந்த வரிசையைத்தான்.

நம் ஊர் நிலைமை வேறு மாதிரி. எஃப்எம் நிலையங்களுக்குப் பதிப்புரிமைச் சட்டத்தின் 31டி பிரிவில் சட்டபூர்வ உரிமம், அதாவது உரிமையாளர்களோடு தனித்தனியாகப் பேசாமலே நிர்ணயித்த தொகையைக் கட்டிப் பாட்டு போடும் அனுமதி, கிடைக்க வழியிருக்கிறது. அது இணையத்துக்குப் பொருந்தாது என்று 2019-இல் பம்பாய் உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆக, சினிமாப் பாட்டு போட வேண்டுமென்றால் உரிமையாளர்களோடு தனித்தனியாகப் பேசியாக வேண்டும். சொந்தப் பேச்சு, கிராமத்துப் பெரியவர்களின் நேர்காணல், அனுமதி தந்த புதுப் பாடகர்களின் பாட்டு இவற்றில் தொடங்குவது நல்லது. எனக்குக் கேட்டால் சுவாரசியமும் அதில்தான் அதிகம்.

சரி, இதனால் என்ன பயன் என்பீர்கள். இணையத்தில் ஒலிபரப்ப உதவும் ஐஸ்காஸ்ட் என்ற சர்வர் மென்பொருளை அவனே நிறுவி ஓட்டுகிறான் என்று எழுதியிருக்கிறீர்கள். கணினி அறிவியல் இரண்டாம் வருடப் பையனுக்கு அது சின்ன விஷயம் இல்லை. லினக்ஸ், நெட்வொர்க், ஒலியின் அளவைச் சீராக வைப்பது எல்லாம் கையோடு வருகிறது. ஸ்ட்ரீமிங் நிறுவனங்கள், பாட்காஸ்ட் தயாரிப்பு, ஒலிப்பொறியியல் என்று சம்பளம் தரும் வேலைகளுக்கு இதே திறமைதான் வேண்டும். ஒலிதான் பிடித்திருக்கிறது என்றால் தரமணி அரசுத் திரைப்பட நிறுவனத்தில் ஒலிப்பதிவுக்கென்றே பட்டப்படிப்பு இருக்கிறது. அதற்காக இப்போது படிக்கும் படிப்பைப் பாதியில் விட வேண்டாம். பக்கத்துக் கல்லூரியில் சமுதாய வானொலி இருந்தால் அங்கே போய் உதவட்டும். நம் அண்ணா பல்கலைக்கழகம்தான் 2004-இல் நாட்டிலேயே முதலில் அப்படி ஒன்றைத் தொடங்கியது.

அப்புறம், அவனோடு உட்கார்ந்து ஒரு கணக்கு போடுங்கள். 128 கேபிபிஎஸ் தரத்தில் ஒருவர் ஒரு மணி நேரம் கேட்டால் ஏறக்குறைய 58 எம்பி டேட்டா. எந்நேரமும் 100 பேர் கேட்டால் மாதத்துக்கு 4,000 ஜிபியைத் தாண்டும். சர்வருக்கு எவ்வளவு, உரிமத்துக்கு எவ்வளவு, எத்தனை நேயர்கள் மாதம் 50 ரூபாய் தந்தால் கட்டுப்படியாகும் என்று ஒரு நோட்டில் அவன் கையாலேயே எழுதட்டும். திட்டுவதைவிட இது வேலை செய்யும். இரண்டு மணி வரை விழித்திருப்பதற்கு மட்டும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். நிகழ்ச்சியைப் பகலில் பதிவு செய்து வைத்தால் இரவில் அது தானாக ஓடும், அவன் தூங்கலாம்.

அரியர் எத்தனை என்று எழுதவில்லையே அம்மா? அடுத்த மாதம் இருவரும் வரும்போது மார்க் பட்டியலையும் அந்த நோட்டையும் சேர்த்து எடுத்து வாருங்கள்.