பின்சக்கர பேரிங்கை வீட்டிலேயே மாற்றலாமா?

குடியாத்தத்திலிருந்து நாள்தோறும் வேலூருக்குக் காரில் சென்றுவரும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: “வேகம் 50-ஐத் தாண்டியதும் பின்பக்கம் உறுமல் போல இரைச்சல் வருகிறது. இடது பின்சக்கர பேரிங் போய்விட்டது, இரண்டு பக்கமும் மாற்ற வேண்டும் என்கிறார் மெக்கானிக். முன்சக்கரங்கள் இழுக்கும் சிறிய கார். பின்னால் டிரம் பிரேக், ஏ.பி.எஸ். (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் அமைப்பு) வசதியும் உண்டு. கைவசம் ஸ்பேனர்களும் சுத்தியலும் இருக்கின்றன. நானே மாற்றலாமா?”

டிரம்மைக் கழற்றுவதையும் திரும்பப் பூட்டுவதையும் தாராளமாக நீங்களே செய்யலாம். சக்கரம் தடையின்றிச் சுழல உதவும் குண்டுகள் கொண்ட இரட்டை வளையமான பேரிங்கை டிரம்முக்குள் இறக்கும் வேலையை மட்டும் ஹைட்ராலிக் பிரஸ் உள்ள லேத் பட்டறையில் செய்துகொள்ளுங்கள். காட்பாடி, ராணிப்பேட்டைப் பக்கம் அப்படிப்பட்ட பட்டறைகளுக்குப் பஞ்சமில்லை.

முதலில் சத்தம் பேரிங்கினுடையதுதானா என்று உறுதிசெய்யுங்கள், ஏனெனில் ஒழுங்கற்றுத் தேய்ந்த டயரும் ஏறத்தாழ இதே போலத்தான் இரையும். தார்ச்சாலையிலிருந்து சிமென்ட் சாலைக்கு மாறும்போது சத்தமும் மாறினால் டயரைச் சந்தேகிக்க வேண்டும். பள்ளிகொண்டாவில் நெடுஞ்சாலை ஏறியபின், பின்னால் வண்டிகள் இல்லாத நேரத்தில், வலப்புறம் மெல்ல வளையுங்கள்; அப்போது எடை இடப்பக்கம் சாய்வதால், இடது பேரிங் கெட்டிருந்தால் உறுமல் கூடும். இதைவிட நம்பகமான சோதனை ஒன்று உண்டு. சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, ஒரு கையால் சுற்றிவிட்டு, மறு கையை அந்தப் பக்கத்துச் சஸ்பென்ஷன் சுருள்வில்லின் மேல் வையுங்கள். நல்ல பேரிங் என்றால் கையில் ஒன்றும் உணரப்படாது. கெட்டதென்றால் மணல் அரைபடுவது போன்ற நறநறப்பு விரல்களில் தெளிவாகத் தெரியும். மறுபக்கத்தையும் இப்படியே பாருங்கள். அது சுத்தமாகச் சுழன்றால் அதை மாற்றத் தேவையில்லை. பிரேக் ஷூவைத்தான் இரு பக்கமும் சேர்த்து மாற்ற வேண்டும். பேரிங்குக்கு அந்த விதி கிடையாது.

டிரம் வெளியே வருவதற்கு ஹேண்ட் பிரேக்கை விடுவித்தாக வேண்டும் என்பதால் காரை முதல் கியரில் நிறுத்தி, முன்சக்கரங்களுக்கு இருபுறமும் கட்டை கொடுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பியோ, செங்கல் அடுக்கியோ வேலை செய்யாதீர்கள்; இரும்பு ஸ்டாண்டு கட்டாயம். டிரம்மை அச்சோடு பிடித்திருக்கும் நடுநட்டை, சக்கரம் தரையில் இருக்கும்போதே, அதன் விளிம்பில் அடித்து மடக்கிய பகுதியை உளியால் நிமிர்த்திவிட்டு, நீளக் கைப்பிடியால் இளக்கிக்கொள்ளுங்கள். டிரம் வர மறுத்தால், பிரேக் அட்ஜஸ்டரைத் தளர்த்தினால் ஷூக்கள் உள்வாங்கும். உள்ளே படிந்திருக்கும் தூளைக் காற்றடித்து ஊதக் கூடாது. பழைய லைனிங்குகளில் கல்நார் இருக்கக்கூடும் என்பதால் ஈரத்துணியால் துடைப்பதே நல்லது.

பட்டறைக்குப் போனாலும் அருகில் நின்று பாருங்கள், ஏனெனில் பேரிங்கின் ஆயுள் அந்தச் சில நிமிடங்களில்தான் தீர்மானமாகிறது. பேரிங் நகராமல் பிடித்திருக்கும் வில்வளையமான சர்க்கிலிப்பை எடுத்தபின் பழையதை வெளியே தள்ளிவிட்டு, புதியதை அழுத்தும்போது அதன் வெளிவளையத்தின் மேல் மட்டுமே விசை விழ வேண்டும். உள்வளையத்தில் அழுத்தினாலும் சுத்தியலால் அடித்தாலும் அந்த விசை குண்டுகள் வழியாகக் கடந்து, அவை ஓடும் தடத்தில் கண்ணுக்கே தெரியாத குழிகளைப் பதித்துவிடும். பிறகு புது பேரிங்கும் வெகு சீக்கிரத்தில் உறுமத் தொடங்கும். உங்கள் காரில் ஏ.பி.எஸ். இருப்பதால், பேரிங்கின் ஒரு பக்க சீலிலேயே (தூசி புகாமல் காக்கும் மூடி) காந்தப் பட்டை அமைந்திருக்க வாய்ப்பு அதிகம். அந்தப் பக்கம் சக்கர வேகத்தை அளக்கும் சென்சாரை நோக்கி இருக்க வேண்டும். திருப்பிப் போட்டால் ஏ.பி.எஸ். விளக்கு அணையாது. சந்தேகம் வந்தால் சிறு காகிதக் கிளிப்பை அருகில் கொண்டுபோங்கள், காந்தப் பக்கம் அதை மெல்ல இழுக்கும். வேறு காந்தம் எதையும் அதன் பக்கத்தில் வைக்காதீர்கள். இறுதியாக சர்க்கிலிப் தன் பள்ளத்தில் முழுவதும் உட்கார்ந்ததா என்று சுற்றிலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

நம் ஊர் வெயில் இங்கே உண்மையாகவே உதவும். பேரிங்கைக் காற்றுப் புகாத உறையிலிட்டு ஃபிரீசரிலும், டிரம்மை வெயிலிலும் வைத்தால் இரண்டுக்கும் இடையே 60 டிகிரி வேறுபாடு எளிதில் கிடைக்கும். 60 மில்லிமீட்டர் விட்டமுள்ள பேரிங்குக்கு அது ஏறத்தாழ 0.04 மில்லிமீட்டர் இளக்கம் தரும். இறுக்கப் பொருத்தத்துக்காகப் பேரிங் அதன் துளையைவிடப் பெரிதாக இருக்கும் அளவே கிட்டத்தட்ட அவ்வளவுதான் என்பதால் பிரஸ்ஸின் வேலை பாதியாகிவிடும்.

பூட்டும்போது நடுநட்டைப் புதிதாகப் போடுங்கள். அடித்து மடக்கிய பழைய நட்டைத் திரும்பப் பயன்படுத்தக் கூடாது. இறுக்கும் அளவு காருக்குக் கார் மாறும் என்பதால், உங்கள் மாடலின் சர்வீஸ் கையேட்டில் உள்ள எண்ணையே பின்பற்றுங்கள். சக்கரம் அந்தரத்தில் இருக்கும்போதே, ஒருவர் பிரேக்கை மிதித்துக்கொள்ள, டார்க் ரென்ச்சால் (இறுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பேனர்) அந்த அளவுக்கு இறுக்கி, அதன்பின் காரைத் தரையில் இறக்குங்கள். கையேட்டில் இந்த அளவு நியூட்டன் மீட்டரில் இருக்கும்; ஒரு மீட்டர் நீளக் கம்பியின் முனையில் 20 கிலோ தொங்கினால் கிடைப்பது சுமார் 200 நியூட்டன் மீட்டர். கைக்கணக்கில் இதைச் சரியாகப் பிடிக்க முடியாது, டார்க் ரென்ச்சை வாடகைக்காவது வாங்குங்கள். நட்டின் விளிம்பை மறுபடி மடக்கிவிட்டு, பிரேக் பெடலில் அழுத்தம் வரும்வரை மிதித்த பிறகே காரை நகர்த்துங்கள்.

ஒருமுறை வேலூர் போய்த் திரும்பியதும் சக்கர நட்டுகளின் இறுக்கத்தைச் சரிபாருங்கள். அப்படியே இரண்டு பின்சக்கரங்களின் நடுப்பகுதிக்கும் அருகே கையைக் கொண்டுபோங்கள். இடப்பக்கம் மட்டும் தெளிவாகக் கூடுதல் சூடாக இருந்தால் பிரேக் உரசுகிறது, அல்லது பேரிங் சரியாக உட்காரவில்லை. டிரம்மைத் திரும்பக் கழற்றிப் பார்க்கும்வரை அந்தக் காரை ஓட்ட வேண்டாம்.