ஆட்டுக்குட்டிக்கு ஈஸ்ட் தூள் கொடுக்கலாமா?

கேள்வி: மலேசியாவில் பகாவ் பக்கத்தில் தோட்டத்தில் இருக்கிறோம். ஆறு குட்டிகள், ஒன்றரை மாதம் ஆகிறது. பால் மறக்கடிக்க பி.கே.சி. (எண்ணெய்ப்பனைக் கொட்டைப் புண்ணாக்கு) போட்டதிலிருந்து கழிச்சல். கடைக்காரர் ஈஸ்ட் தூள் வாங்கச் சொல்கிறார். கொடுத்தால் நிற்குமா? ரொட்டிக்குப் போடும் ஈஸ்ட் போதுமா?

பதில்: நிற்காது. முதலில் கழிச்சலைப் பாருங்கள்.

மூன்று வாரத்திலிருந்து ஐந்து மாதம் வரை குட்டிகளைப் படுத்துவது பெரும்பாலும் காக்சிடியா என்னும் குடல் ஒட்டுண்ணி. ஈரத் தரையும், குட்டி ஏறி நின்று சாணம் போடும் தொட்டியும் இருந்தால் பரவிக்கொண்டே இருக்கும். புதுச் சாணத்தைச் சுத்தமான டப்பாவில் எடுத்து, அன்றே மாவட்டக் கால்நடை அலுவலகத்தில் பரிசோதனைக்குக் கொடுங்கள். மருந்தின் அளவு குட்டியின் எடையைப் பொறுத்தது, அங்கே கேட்டு வாங்குங்கள். கண் உள்வாங்கி, கழுத்துத் தோலைக் கிள்ளினால் மெதுவாகத் திரும்பினால் காத்திருக்க வேண்டாம், உடனே நீரிழப்புக்கான உப்பு-சர்க்கரைக் கரைசல் (ஓ.ஆர்.எஸ்.) கொடுத்து, கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள். தொட்டியைக் கம்பிக்கு வெளியே மாட்டி, தலை மட்டும் நுழைய இடம் விடுங்கள். பி.கே.சி.யை ஒரு பிடியில் தொடங்கி, பத்து நாளில் மெல்லக் கூட்டுங்கள். பூஞ்சை வாடையோ சிக்கு வாடையோ அடித்தால் கொட்டிவிடுங்கள்.

ஈஸ்ட் வேலை செய்யும் இடம் அசைபோடும் வயிறு. அங்கே புகும் ஆக்சிஜனை அது தின்றுவிடுவதால், நார் செரிக்கும் கிருமிகள் பெருகும், புளிப்பும் அடங்கும். பிறந்த குட்டிக்கு அந்த வயிறு தயாராகாது. பால் அதைத் தாண்டி நேராக நான்காம் வயிற்றுக்குப் போகிறது. ஆகவே மூன்று வார வயதுக்கு முன் கொடுப்பது காசை வீணாக்குவதுதான். பலன் தெரிவது தீனி மாறும் நாட்களில்தான், அதிலும் சோளம், தவிடு அதிகம் போடும்போது. பி.கே.சி.யில் மாவுச்சத்து குறைவு. எனவே பெரிய எடை ஏற்றத்தை எதிர்பார்க்காதீர்கள்.

ரொட்டி ஈஸ்டும் அதே இனம்தான், விஷமில்லை. ஆனால் தீவனத்துக்கென்று தேர்ந்த வகையே வயிற்றில் நன்றாக வேலை செய்யும். பச்சை மாவு உருண்டை மட்டும் ஒருபோதும் வேண்டாம், உள்ளே பொங்கி வயிறு உப்பும்.

பாக்கெட்டில் ‘உயிருள்ள ஈஸ்ட்’ என்றும், கிராமுக்கு எத்தனை உயிரணு என்றும் போட்டிருக்க வேண்டும். கிராமுக்கு 1,000 கோடி உள்ள தூளென்றால் குட்டிக்கு நாளுக்கு அரை கிராம் போதும். ஆறுக்கும் சேர்த்து ஒரு தேக்கரண்டி மட்டம், ஏறக்குறைய 3 கிராம். பாக்கெட்டில் வேறு அளவு இருந்தால் அதையே பின்பற்றுங்கள். நேரே தொட்டியில் தூவினால் ஒரு குட்டியே நக்கிவிடும். முதலில் ஒரு பிடி தீனியில் கலந்து, பிறகு மொத்தத்தில் கலக்குங்கள். சுடுதண்ணீர் ஊற்றிப் பிசைந்தால் ஈஸ்ட் செத்துவிடும். வெயில் படும் தகரக் கொட்டகையில் வைத்தாலும் அதே கதி. ஆண்டிபயாடிக் நடந்தாலும் ஈஸ்டை நிறுத்தத் தேவையில்லை, ஆண்டிபயாடிக் பாக்டீரியாவுக்கான மருந்து.

மூன்று வாரம், வாரம் ஒருமுறை காலைத் தீனிக்கு முன் சாக்கில் போட்டு எடை பாருங்கள். ஏறவில்லையென்றால் அந்தப் பணத்துக்கு நேப்பியர் புல்லை இளசாக வெட்டிப் போடுவதே மேல்.